'திங்க்' என்றால் 'நினை' மட்டும்தானா?

சில வருடங்களுக்கு முன் அம்மாவின் கழுத்தில் ஒரு சின்னக் கட்டி வந்தது. குச்சனூரிலிருந்து பெங்களூருக்கு என் வீட்டுக்கு வந்திருந்த நேரம் என்பதால் அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவருக்குத் தமிழ் தெரியாது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஐ டோன்ட் திங்க் இட்ஸ் கேன்சர்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் அப்படியே தமிழில் சொன்னேன்: "கேன்சர்னு டாக்டர் நினைக்கலையாம்."

அம்மாவுக்கு முகம் வாடிப்போச்சு. "அவரே நினைக்கலையா? பெறகு எப்படிய்யா வந்துச்சு?"

வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் நான் சொன்னது சரிதான். ஆனால் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது நேர் எதிரான செய்தி. எங்கே தப்பு நடந்தது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே வரி: திங்க் என்றால் நினை. ஆனால் அந்த ஒரு சொல் குறைந்தது மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை, மூளையைப் போட்டுக் குழப்புவது. 'ஐ ஆம் திங்கிங்' என்றால் 'யோசிச்சுக்கிட்டு இருக்கேன்'. இங்கே 'நினை' ஒட்டாது.

இரண்டாவது, கருத்துச் சொல்வது. 'ஐ திங்க் ஹீ இஸ் ரைட்' என்றால் 'அவர் சொல்றது சரின்னு நினைக்கிறேன்'. இந்தப் பொருளில் பொதுவாக 'இங்' சேர்க்க மாட்டார்கள். நம்மாட்கள் மீட்டிங்கில் 'ஐ ஆம் திங்கிங் ஹீ இஸ் ரைட்' என்று சொல்வது 'நினைச்சுக்கிட்டு இருக்கேன்' என்பதை அப்படியே பெயர்த்து வைப்பதால்தான்.

மூன்றாவது, ஊகம். 'ஐ திங்க் த பஸ் ஹேஸ் லெஃப்ட்.' குச்சனூர் ஸ்டாப்பில் நிற்கிற யாரும் இதற்கு 'பஸ் போய்விட்டது என்று நான் நினைக்கிறேன்' என்று சொல்ல மாட்டார்கள். 'சின்னமனூர் பஸ் போயிருக்கும்' என்பார்கள். 'நான்' இல்லை, 'நினை' இல்லை. 'இருக்கும்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அந்த ஊகம் அடங்கிவிட்டது. இதைக் கடைசியில் திரும்பப் பார்ப்போம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'நினை' செய்கிற எல்லா வேலையையும் 'திங்க்' செய்வதில்லை. ஆடிச் சனிக்கிழமைகளில் எங்க ஊர் சுயம்பு சனீஸ்வரர் கோயிலில் கூட்டம் அலைமோதும். வருகிறவர்கள் எல்லோருக்கும் வேண்டுதல் ஒன்றுதான்: 'நினைச்ச காரியம் நடக்கணும்.' இங்கே நினைப்பது ஆசைப்படுவது. 1895-இல் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக்கை இந்தப் பள்ளத்தாக்கே இன்னும் நினைக்கிறது என்றால், அது நன்றியோடு நினைவில் வைத்திருப்பது. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் வேறு வேறு சொற்கள் வேண்டும்.

இன்னொரு சங்கதி எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நம்மிடம் 'நான் நினைக்கிறேன்' ஒன்று, 'எனக்குத் தோணுது' ஒன்று. முதலாவதில் நான் செய்கிறேன். இரண்டாவதில் அது தானாக எனக்கு வருகிறது. பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு வினைச்சொற்கள் தனித்தனியாக இருந்தன. ஒன்று நினைப்பதற்கு, மற்றொன்று தோன்றுவதற்கு. ஒலியில் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால் காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே 'திங்க்' ஆகிவிட்டன. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வருகிற 'மீதிங்க்ஸ்' என்ற சொல் அந்த இரண்டாவது வினையின் மிச்சம். அதிலுள்ள 'மீ' என்பதற்கு 'எனக்கு' என்று பொருள். ஆக 'மீதிங்க்ஸ்' என்பது அச்சு அசலாக நம்ம 'எனக்குத் தோணுது'தான்! அவர்கள் தொலைத்துவிட்டதை நாம் தினமும் டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது அம்மாவின் கட்டிக்கு வருவோம்.

'ஐ டோன்ட் திங்க் இட்ஸ் கேன்சர்' என்பதில் 'இல்லை' என்பது 'திங்க்' பக்கத்தில் நிற்கிறது. பொருளில் அது சேர வேண்டிய இடம் கேன்சர். டாக்டர் 'நான் எதுவும் நினைக்கவில்லை' என்று சொல்லவில்லை. 'கேன்சர் இல்லை என்று நினைக்கிறேன்' என்கிறார். ஆங்கிலத்தில் 'திங்க்', 'பிலீவ்', 'எக்ஸ்பெக்ட்' மாதிரிச் சில சொற்களில் மட்டும் எதிர்மறை இப்படி முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மொழியியலில் இதற்கு 'நெக் ரைசிங்' என்று பெயர். எல்லா வினைக்கும் இது வராது. தமிழில் 'அவன் வருவான்னு சொல்லல' என்பதும் 'வரமாட்டான்னு சொன்னேன்' என்பதும் ஒன்றல்ல, பாருங்கள்.

தமிழில் 'நினைக்கல' என்று சொல்லும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஆங்கிலத்தில் 'டோன்ட் திங்க்' இன்றைக்கு, 'டிடின்ட் திங்க்' நேற்றைக்கு. நம்ம 'நினைக்கல' என்பதற்குக் காலம் கிடையாது. நேற்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். போதாததற்கு 'நீ வருவேன்னு நினைக்கவே இல்ல' என்று நாம் எப்போது சொல்கிறோம்? ஆள் வந்து வாசலில் நின்ற பிறகு! 'நினைக்கல' என்றாலே 'எதிர்பார்க்கல, ஆனா நடந்துருச்சு' என்பதுதான் நம் காதுக்கு முதலில் கேட்கிறது. அம்மாவுக்குக் கேட்டதும் அதுதான்: டாக்டரே எதிர்பார்க்கவில்லை, ஆனால் வந்துவிட்டது.

அப்படியென்றால் சரியான தமிழ் எது? நான் பதறிப்போய், "அய்யோ, இல்லம்மா. கேன்சரா இருக்காதுங்கிறாரு" என்று மாற்றிச் சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் 'போயிருக்கும்' செய்த வேலையை இங்கே 'இருக்காது' செய்தது. 'ஐ டோன்ட் திங்க்' முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிட்டது.

அம்மா விடவில்லை. "இல்லைங்கிறாரா, இருக்காதுங்கிறாரா?"

எட்டாவது வரை படித்தவர் கேட்ட கேள்வி. 'இல்லை' என்பது தெரிந்து சொல்வது, 'இருக்காது' என்பது கணித்துச் சொல்வது. டாக்டரின் வாக்கியத்திலும் அந்த இடைவெளி இருந்தது. சந்தோஷத்தில் நான்தான் கவனிக்கவில்லை. அதையே டாக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். "முக்கால்வாசி நிச்சயம். ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்" என்றார்.

எடுத்தோம். அந்தத் தடவை அம்மாவிடம் "இல்லை" என்றே சொன்னேன்.