மரத்துக்கு மருந்து வேண்டாம், கன்றுக்குக் காவல் வேண்டும்

'வாசலில் நிற்கும் சரக்கொன்றையின் துளிரையெல்லாம் பச்சைப்புழு தின்றுவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்?' மழைக்குப் பின் மரம் துளிர்க்கும் காலத்தில் அடிக்கடி வரும் கேள்வி இது.

இது மஞ்சள் கலந்த வெள்ளை நிற வண்ணத்துப்பூச்சியின் புழு. தாய்ப்பூச்சி இளந்துளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும். புழுவின் பக்கவாட்டில் வெண்கோடும், அதையொட்டிக் கரும்புள்ளிகளும் இருக்கும். சுமார் இரண்டு வாரத்தில் கூட்டுப்புழுவாகிவிடும்.

நன்கு வேரூன்றிய மரம் தானாகவே மறுபடி துளிர்க்கும். அதற்கு மருந்து தேவையில்லை. உயரத்தில் அடிக்கும் மருந்து கிணற்றிலும் மாட்டுத் தீவனத்திலும் அடிப்பவர் முகத்திலும் விழும். புழுவைத் தின்னும் குருவி, குளவிகளும், தோட்டத்துப் பூசணியும் பாகலும் காய்க்க உதவும் தேனீக்களும் மடியும்.

கன்று அப்படியல்ல. திரும்பத் திரும்பத் துளிரை இழந்தால் வளர்ச்சி குன்றிவிடும். தினமும் காலையில் இலைகளைத் திருப்பிப் பார்த்து, முட்டை, புழுக்களைப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

புழு அதிகமென்றால் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 500 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டுங்கள். சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்துப் புதுப்புழு தென்பட்டால் மட்டும் மறுமுறை தெளிக்கலாம்.

கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றுகளைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கும் இதே முறைதான். வயலுக்கு வாங்கியதில் மிச்சமிருக்கும் பூச்சிமருந்தை, சமையலுக்குப் பறிக்கும் கறிவேப்பிலையில் ஒருபோதும் அடிக்காதீர்கள்.