குனிந்து பார்த்தால் தெரியும் பூ!

பூ பார்க்கப் போவதென்றால் ஊட்டி, கொடைக்கானல் இரண்டைத் தவிர வேறு ஊர் நம் நினைவுக்கு வருவதில்லை. கூட்டமும் இரைச்சலும் இல்லாமல் மலையும் பூவும் பார்க்க ஆசைப்படும் தோழியருக்குத் தேனி மாவட்டத்து போடிநாயக்கனூரைச் சொல்வேன். 2010 கடைசியில் நிறுத்தப்பட்ட மதுரை - போடி ரயிலும், 2023 ஜூன் முதல் அகலப் பாதையில் ஓடத் தொடங்கிவிட்டது. போய் வருவது சுலபம்.

ஆடி மாதக் கடைசியில் பொட்டிபுரத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு நாங்கள் போயிருந்தோம். நியூட்ரினோ ஆய்வுக்கூடம் என்று பேப்பரில் அடிபட்டதே, அதே பொட்டிபுரம்தான். நிமிர்ந்தால் மலை, குனிந்தால் காடு கழனி என்று இருக்கும் சின்ன கிராமம். அங்கிருந்து போடி வந்து, போடிமெட்டுக்குக் கிளம்பினோம்.

அடிவாரத்தில் மாந்தோப்பும் இலவ மரமும் வெயிலுமாக இருந்த வழி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிக்கையில் பனிமூட்டமாகிவிட்டது! பிள்ளைகள் ஸ்வெட்டர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். போடிமெட்டோடு தமிழ்நாடு முடிகிறது. அதைத் தாண்டினால் கேரளம், ஏலத் தோட்டங்கள்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு தோட்டத்துக்குள் போனோம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த செடிகள், மேலே பெரிய மரங்களின் நிழல். அண்ணாந்து அண்ணாந்து தேடியும் ஒரு பூ கண்ணில் படவில்லை. காய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா சிரித்துவிட்டு, "நின்னுக்கிட்டுப் பாத்தா எப்படித் தெரியும் தாயி? குனிஞ்சு தூரைப் பாரு" என்றார்.

ஆமாம்! செடியின் அடியிலிருந்து கிளம்பி, தரையோடு தரையாகப் படர்ந்த சரங்களில் பூத்திருந்தது. வெள்ளை இதழில் ஊதாக் கோடு இழுத்த குட்டிப் பூ. ஒரே நாள்தான் அதற்கு ஆயுசு. அதற்குள் தேனீ வந்து உட்கார்ந்தால்தான் காய். அது முற்ற மூன்று நான்கு மாதம் ஆகும். எல்லாம் ஒரே நேரத்தில் முற்றாது என்பதால், மழைக்காலம் தொடங்கி தை வரை ஒரே செடியைப் பல தடவை சுற்றி வந்து, முற்றியதை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். மழையும் அட்டைக் கடியுமாக, நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோ செய்கிற வேலை. அங்கே நான் பார்த்தவர்கள் எல்லோரும் பெண்கள்தான்.

"எத்தனை மணிக்குக்கா வீட்டை விட்டுக் கிளம்புவீங்க?" என்று கேட்டேன். "நாலு மணிக்கே எந்திரிச்சு சோறாக்கிருவேன். விடிய முன்னாடி ஜீப்பு வந்துரும். எம் பிள்ளைக முழிக்கிறதைப் பாக்குறது ஞாயித்துக்கிழமைதான்" என்றார், கை நிற்காமல்.

போடி, தேவாரம், கம்பம் பக்கமிருந்து இப்படித்தான் தினமும் ஜீப் ஜீப்பாக மலையேறுகிறார்கள். எடுத்த காயை 'ஸ்டோர்' எனப்படும் உலர்ப்பு அறையில் வாட்டினால், ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுண்டும். போடிக்கு வந்த பின் சலித்து, பொறுக்கி, 6, 7, 8 மில்லி மீட்டர் என்று தரம் பிரிப்பதிலும் பெண்கள் கைதான். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன சரக்கு இது. இவர்களுக்கு என்னவோ தினக் கூலிதான்.

போகிற தோழியருக்குச் சில வார்த்தைகள். நீலக்குறிஞ்சி பார்க்க ஆசையென்றால் பொறுத்திருங்கள். மூணாறு மலைகளில் 2018-ல் பூத்தது, பன்னிரண்டு வருடக் கணக்குப்படி இனி 2030-ல்தான். போடியை அடுத்த குரங்கணியில் நடைப்பயணம் போகிறவர்கள், வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் காலே வைக்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று அங்கே பரவிய காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அதில் பலர் இளம் பெண்கள் என்பதை மறக்க முடியுமா?

இன்னொன்று, காலையிலும் சாயங்காலமும் மலைப்பாதையில் காரில் போகிறவர்கள் வளைவுகளில் அவசரப்படாதீர்கள். எதிரே வரும் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள், பிள்ளைகளைத் தூங்க விட்டு வந்த தாய்மார்கள். ஜீப்பில் இத்தனை பேர்தான் என்ற கணக்கும், தோட்டத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறையும் வேண்டும் என்பதுதான் அந்த அக்கா கேட்டது. "கூலியைக் கூட அப்புறம் பேசிக்கலாம் தாயி" என்றார். இரண்டு மாநில அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் முடியாத காரியமா இது? மனது வைப்பார்களா?

- ஒரு வாசகி, மதுரை.