மூன்று சக்கரத்துக்கு 78,000 ரிங்கிட்டா?

78,000 ரிங்கிட் கையில் இருந்தால் புது மைவி ஒன்றை ரொக்கமாக வாங்கலாம். மீதிப் பணத்தில் குடும்பத்தோடு ஊட்டி, கொடைக்கானல் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டும் வரலாம். அதே தொகைக்குப் பதினொரு வருடம் ஓடிய மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்றும் விற்பனைக்கு இருக்கிறது. அதில் கூரை இல்லை, கதவு இல்லை, ஏர்கோனும் இல்லை. எதை வாங்குவீர்கள்?

யாரைக் கேட்டாலும் மைவி என்றுதான் சொல்வார்கள், என் அப்பாவைத் தவிர.

அப்பாவுக்கு 63 வயது. போர்ட் கிள்ளானில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். இளமையில் ஆர்எக்ஸ்-இசட், பிறகு பெரிய வண்டி. ‘பி ஃபுல்’ உரிமம் எடுத்த நாளில் வீட்டில் பாயசம் வைத்தார்கள் என்று அம்மா இன்றும் கேலி செய்வார். இரண்டு வருடத்துக்கு முன் இடது முட்டியில் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது 250 கிலோ வண்டியைத் தாங்குவது அந்த இடது கால்தான். டாக்டர் வேண்டாம் என்றார். வண்டி விற்கப்பட்டது. வண்டி போன பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டில் ஓர் அமைதி. நாங்கள் யாரும் விரும்பாத அமைதி அது.

இந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் அப்பாவின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. கேன்-ஆம் ஸ்பைடர், ஆர்டி ரகம், 2014-ஆம் வருட வண்டி. பணம் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுப்பதாகத் திட்டம். “நீதான் ரேடியோவில் நாலு பேரிடம் பேசுறியே, அப்பாகிட்டயும் பேசு” என்று அம்மா என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார். தடுக்கச் சொன்னாரா, விசாரிக்கச் சொன்னாரா என்று அப்போது தெளிவாகவில்லை. நான் விசாரிப்பது என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் வண்டியைப் பற்றி. ஸ்பைடரை வெளியிட்டது பிஆர்பி என்ற கனடா நிறுவனம். பனியில் சறுக்கி ஓடும் வண்டிகளுக்குப் பேர்போனவர்கள். 2007-இல் முதல் ஸ்பைடர் வந்தது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நமக்குத் தெரிந்த மூன்று சக்கர வண்டி சென்னை ஆட்டோ. அதில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. ஹார்லியின் டிரை கிளைடும் அந்த வகைதான், எடை மட்டும் 550 கிலோவுக்கு மேல்.

இந்த இரண்டு அமைப்புக்கும் இடையில் இருப்பது வெறும் தோற்ற வித்தியாசம் இல்லை. வளைவில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் பாயும். முன்னால் ஒரே சக்கரம் இருந்தால், பாரம் அந்தச் சக்கரத்தின் பக்கவாட்டில் சாய்ந்து வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். ஆட்டோ வேகமாகத் திரும்பும்போது நாம் கம்பியைப் பிடித்துக்கொள்வோமே, அந்தப் பயம் நியாயமானது. முன்னால் இரண்டு சக்கரம் அகலமாக இருந்தால் பாரம் விழும் பக்கத்தில் தாங்குவதற்குச் சக்கரம் இருக்கும். ஸ்பைடரில் அதற்கும் மேலே ஏபிஎஸ் உண்டு. உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்த்தால் எஞ்சின் வேகத்தைக் குறைத்து, தேவையான சக்கரத்தில் தானே பிரேக் பிடிக்கும் கட்டுப்பாடும் உண்டு.

அப்பாவின் முட்டிக்கு ஏற்ற விஷயங்கள் நிறையவே இருந்தன. நின்றால் வண்டி தானே நிற்கும், காலை ஊன்ற வேண்டியதில்லை. கிளட்ச் இல்லை, இடது கை விரலால் கியர் மாற்றலாம், வேகம் குறைந்தால் வண்டியே கியரை இறக்கிவிடும். பின்னால் எடுக்க ரிவர்ஸ் இருக்கிறது. இடது காலுக்கு வேலையே கிடையாது. காகிதத்தில் பார்த்தால் அவருக்காகவே செய்த வண்டி.

ஆனால் பிரேக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைப்பிடியில் பிரேக்கே கிடையாது. மூன்று சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே மிதி, அது வலது காலுக்கு. அப்பாவின் வலது முட்டியும் தேய்ந்துதான் இருக்கிறது. இப்போது வலி இல்லை, சில வருடத்தில் அதையும் மாற்ற வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இடது முட்டிக்கு வரம்; வலது முட்டிக்கு? விளம்பரத்தில் இதெல்லாம் எழுத மாட்டார்கள். இதை நான் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “காரிலும் வலது கால்தானேம்மா பிரேக்” என்றார். அதுவும் சரிதான்.

அடுத்தது நம்முடைய சாலைகள். தினமும் காலையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் எங்கே நெரிசல் என்று சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. அந்த நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று 1970-களிலேயே தனிப்பாதை போட்டார்கள். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு நாம் காரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் காப்சாய்கள் பறக்கும் பாதை அது. ஸ்பைடரின் அகலம் ஒன்றரை மீட்டருக்கு மேல். ஆக்ஸியாவுக்கும் அதற்கும் ஒரு சாண் வித்தியாசம்கூடக் கிடையாது. அந்தத் தனிப்பாதையிலும் அதன் சுரங்க வழிகளிலும் இதை விட்டால் பின்னால் வரும் அத்தனை பேரும் நம்மைத் திட்டிக்கொண்டே வருவார்கள். கார்களுக்கு நடுவில் புகுந்து போவது நடக்காத காரியம். ஆகவே நெரிசலில் கார்களோடு காராக நிற்க வேண்டும், தலைக்கவசத்துடன், வெயிலில், கால்களுக்கிடையே சூடான எஞ்சினை வைத்துக்கொண்டு. மழை வந்தால் மற்ற மோட்டார் சைக்கிள்காரர்கள் பாலத்தடியில் ஒதுங்குவார்கள். இவ்வளவு அகலமான வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் நான்கு பேருடைய இடம் போய்விடும்.

டோல் விஷயமும் உண்டு. பிளஸ் நெடுஞ்சாலையில் இரு சக்கர மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் கிடையாது. முதல் வகுப்பு என்று கார்களுக்குப் போடும் கட்டணம் “இரண்டு அச்சு, மூன்று அல்லது நான்கு சக்கரம்” உள்ள வண்டிகளுக்கு. மூன்றாவது சக்கரம் வந்த உடனே நீங்கள் கார்காரர். சாலை வரியில் மட்டும் மோட்டார் சைக்கிள்காரர். இந்த ஸ்பைடரின் எஞ்சின் 1,330 சிசி. 1.3 மைவியின் எஞ்சினும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மைவிக்கு வருடத்துக்கு 70 ரிங்கிட் சாலை வரி. 800 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு 350. இரண்டு பக்கமும் அடி வாங்குவது மத்தளம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

குழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரு சக்கர வண்டி சாலையில் போடுவது ஒரே கோடு. கொஞ்சம் வளைத்தால் குழியைத் தாண்டிவிடலாம். கார் போடுவது இரண்டு கோடு. குழியை நடுவில் விட்டு மேலே போய்விடலாம். இது போடுவது மூன்று கோடு. முன்சக்கரங்கள் குழிக்கு இருபுறமும் தப்பித்துப் போனாலும் பின்சக்கரம் நேராகக் குழிக்குள் இறங்கும். அந்தப் பின்சக்கரம் காரின் டயர்போல அகலமானது. சாலையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகமாகப் போனால் மிதக்கப் பார்க்கும். நம் ஊர் மாலை மழையில் இதை நினைவில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

இவ்வளவையும் கேட்ட பிறகும் அப்பா அசையவில்லை. ஓட்டிப் பார்க்காமல் பேசக்கூடாது என்றார். வண்டிக்காரர் ஒரு பல் மருத்துவர், நல்ல மனிதர். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையின் காலி நிறுத்துமிடத்தில் ஞாயிறு காலை ஓட்டிப் பார்க்க அனுமதித்தார். கிராண்டைக் காட்டினார், சர்வீஸ் ரசீதுகளைக் காட்டினார்.

முதல் வளைவிலேயே அப்பா தடுமாறினார். நாற்பது வருட அனுபவம்தான் அங்கே எதிரி. இரு சக்கர வண்டியில் வேகமாகப் போகும்போது இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுவோம், வண்டி இடது பக்கம் சாயும், திரும்பும். பெரும்பாலோர் இதை அறியாமலேயே செய்கிறார்கள். ஸ்பைடர் சாயாது. இடது கைப்பிடியைத் தள்ளினால் வலது பக்கம் போகும். காரைப்போல, போக வேண்டிய பக்கம் திருப்ப வேண்டும். அதோடு உடல் வெளிப்பக்கம் தள்ளப்படும். நாம்தான் உள்பக்கம் சாய்ந்து உட்கார வேண்டும். நிற்கும்போது ஒவ்வொரு முறையும் அப்பாவின் இடது கால் தரையைத் தேடியது. வலது கை இல்லாத பிரேக்கைப் பிடித்தது. கார் மட்டுமே ஓட்டத் தெரிந்த நான் அவருக்குப் பிறகு ஏறி, அதே இடத்தில் மெதுவாக ஒரு சுற்று வந்தேன். எனக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லாததால் சுலபமாக இருந்தது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் அவர் கை பழகிவிட்டது. நான்காவது, ஐந்தாவது சுற்றில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கணக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கணக்குப் போட்டேன்.

78,000 ரிங்கிட்டை சேமநிதியிலேயே விட்டால் லாப ஈவு வரும். 2023-இல் 5.5 விழுக்காடு, 2024-இல் 6.3 விழுக்காடு கொடுத்தார்கள். குறைந்த விகிதத்தில் பார்த்தாலும் வருடத்துக்கு 4,290 ரிங்கிட். ஐந்து வருடம் ஓட்டிவிட்டு 40,000-க்கு விற்றால் இழப்பு 38,000, அதாவது வருடத்துக்கு 7,600. காப்புறுதி, சாலை வரி, டயர், சர்வீஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 3,000 என்று வைத்தேன். மொத்தம் வருடத்துக்கு ஏறக்குறைய 15,000 ரிங்கிட். வருடத்தில் நாற்பது ஞாயிறு ஓட்டுவார் என்று வைத்தால், ஒரு ஞாயிற்றுக்கு 375 ரிங்கிட். கோலா சிலாங்கூர் வரை போய் மீன் சாப்பிட்டு வருவதற்கு 375 ரிங்கிட், மீனுக்குத் தனி.

அந்த 40,000-மும் நிச்சயம் இல்லை. பல் மருத்துவர் எட்டு மாதமாக விளம்பரம் போட்டிருக்கிறார். ஓட்டிப் பார்க்க வந்தவர்களில் நாங்கள் மூன்றாவது ஆள். இப்படிப்பட்ட வண்டியை வாங்க ஆசைப்படுபவர் பலர் இருக்கலாம், பணத்தோடு வருபவர் சிலர்தான். உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பதையும் அவரே மறைக்காமல் சொன்னார்.

வேறு வழி இல்லையா என்று கேட்பீர்கள். யமஹா நிக்கென் இருக்கிறது, 2018-இல் வந்தது. முன்னால் இரண்டு சக்கரம் இருந்தும் சாதாரண மோட்டார் சைக்கிள்போலவே சாயும். ஓட்டுவதற்கு அப்பாவின் கைக்குப் பொருத்தம். ஆனால் நின்றால் காலை ஊன்றித்தான் ஆக வேண்டும், அதனால் முட்டிக்குப் பயனில்லை. பியாஜியோவின் எம்பி3 ஸ்கூட்டர் 2006-இலிருந்து இருக்கிறது. சாயவும் செய்யும், நிற்கும்போது சாய்வைப் பூட்டி வைத்துக் காலைத் தூக்கியே உட்காரலாம். முட்டிக்கு அதுதான் புத்திசாலித்தனமான தேர்வு என்பது என் கருத்து. “ஸ்கூட்டரா?” என்றார் அப்பா. அந்த ஒரு சொல்லோடு அந்த யோசனை முடிந்தது.

என் முடிவைக் கேட்டால் சொல்கிறேன். தினமும் வேலைக்குப் போய்வர இந்த வண்டி வேண்டாம். மோட்டார் சைக்கிளின் லாபமும் இல்லை, காரின் வசதியும் இல்லை. கடன் வாங்கி வாங்கவே வேண்டாம். இளைஞர்கள் யாராவது தவணையில் எடுக்க யோசித்தால் அந்த 15,000 கணக்கைத் தங்கள் சம்பளத்தோடு வைத்துப் பார்க்கட்டும், வட்டியையும் சேர்த்து. வீடு, மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் முடிந்து, பெரிய வண்டி ஓட்டிப் பழகிய, கால் மட்டும் ஒத்துழைக்காத ஒருவருக்கு இது பொருந்தும். அந்த வர்ணனைக்குள் என் அப்பா வருகிறார். வலது முட்டி எத்தனை வருடம் தரும் என்பதுதான் மிச்சக் கேள்வி. அதனால் ஐந்து வருடக் கணக்கை மூன்று வருடத்துக்கு மாற்றிப் போட்டேன். அப்படிப் பார்த்தால் 78,000 அதிகம், 60,000-த்துக்கு மேல் போகக்கூடாது என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா 60,000 கேட்டார். பல் மருத்துவர் சிரித்துவிட்டு மறுத்தார். போன வாரம் அவரே குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார்: 70,000, இரண்டு புது முன்டயர்களோடு. அப்பா இன்னும் பதில் போடவில்லை. கைப்பேசியை மட்டும் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

அம்மா செய்தியைப் படிக்காமல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பின் இருக்கையில் முதுகு சாய்க்க வசதி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது.