பள்ளிக்கூடம் திறந்தப்போ: ஆறு வயசுப் பிள்ளைக்கு மாஸ்க் எவ்வளவு உதவும்?

2021 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை பள்ளிகள் திறக்கப்படும்னு அரசு அறிவித்தது. 9 முதல் 12 வரை படித்த பிள்ளைகள் செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்தே போய்க்கொண்டிருந்தார்கள். 2020 மார்ச்சில் மூடின கதவு இது. அந்த வருஷம் இரண்டாம் வகுப்பில் இருந்த குழந்தை, ஒன்றாம் வகுப்பு அறையில் ஒருநாள்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

அறிவிப்பு வந்ததும் பெற்றோர் வாட்ஸப் குழுக்களில் இரண்டு கட்சி. "பிஞ்சுக் குழந்தைக்கு நாள் முழுக்க மாஸ்க் போட்டா மூச்சு முட்டாதா?" என்பது ஒன்று. "தடுப்பூசி போடாம, மாஸ்க்கை மட்டும் நம்பி எப்படி அனுப்புறது?" என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான பயம்தான். ஆனால் இதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் கலந்துகிடக்கின்றன. பள்ளி திறப்பதால் ஆபத்து எவ்வளவு கூடும்? மாஸ்க் வேலை செய்யுமா? மாஸ்க்கால் கெடுதல் உண்டா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூடி வைத்ததால் கிருமி பிள்ளைகளிடம் வராமல் இருந்ததா?

ஐ.சி.எம்.ஆர். நடத்திய நான்காவது தேசிய ரத்தப் பரிசோதனை ஆய்வு 2021 ஜூன், ஜூலை மாதங்களில் 21 மாநிலங்களின் 70 மாவட்டங்களில் நடந்தது. ரத்தத்தில் கொரோனாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதம், 10 முதல் 17 வயதில் 61.6 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. இவர்களில் யாரும் தடுப்பூசி போட்டவர்கள் இல்லை. அப்படின்னா அது தொற்று வந்து போனதன் அடையாளம்தான். நாட்டின் பெரும்பாலான தொடக்கப்பள்ளிகள் பூட்டிக்கிடந்த காலத்திலேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை வைரஸ் எட்டிவிட்டது. வீட்டுக்குள்ள, கல்யாணத்துல, தெருவுல, பெரியவங்க மூலமா வந்திருக்கு.

குழந்தைகளுக்கு இந்த நோய் கடுமையாவது பெரியவர்களைவிட மிகக் குறைவு. இதை முதல் அலையிலிருந்தே எல்லா நாடுகளிலும் பார்க்கிறோம். குறைவுன்னா பூஜ்யம்னு அர்த்தமில்லை. தொற்று வந்து சில வாரம் கழித்து உடலின் பல உறுப்புகளில் அழற்சி உண்டாகிற பிரச்சினை சில குழந்தைகளுக்கு வந்திருக்கிறது. அதனால் கவனம் தேவை. ஆனால் பூட்டியே வைப்பதற்கும் விலை உண்டு.

அந்த விலை என்ன? அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் ஐந்து மாநிலங்களில் 2 முதல் 6ஆம் வகுப்பு வரையிலான 16,067 குழந்தைகளிடம் எடுத்த ஆய்வில், 92 சதவீதம் பேர் முந்தைய ஆண்டு தெரிந்திருந்த ஒரு மொழித்திறனையாவது இழந்திருந்தார்கள். கணிதத்தில் அது 82 சதவீதம். 2021 ஆகஸ்டில் ஜான் டிரேஸ் உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கெடுப்பில், கிராமப்புறத்தில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்துவந்தவர்கள் வெறும் 8 சதவீதம். 37 சதவீதம் பேர் படிக்கவே இல்லை. நமக்கு 'ஆன்லைன் கிளாஸ்' சலிப்பு. அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பே இருக்கவில்லை.

சரி, மாஸ்க் என்னதான் செய்யும்?

இருமினால் தெறிக்கிற பெரிய துளிகள் கொஞ்ச தூரத்தில் விழுந்துவிடும். பேசும்போதும் மூச்சுவிடும்போதும் வருகிற மிகச்சிறிய துளிகள் காற்றில் மிதக்கும். மூடின அறையில் புகை மாதிரி சேரும். மாஸ்க் இதில் இரண்டு வேலை பார்க்கிறது. போட்டிருப்பவர் வெளியே விடுவதைக் குறைக்கிறது, உள்ளே இழுப்பதையும் ஓரளவு வடிகட்டுகிறது. முதல் வேலையில்தான் அது கெட்டி. அதனால் 'என் பிள்ளை போட்டிருக்கா'ன்னு கேட்பதோடு, 'பிள்ளைக்கு எதிரே நின்னு பேசுறவங்க போட்டிருக்காங்களா'ன்னும் கேட்கணும்.

இதற்கு ஓர் உதாரணம். கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 2021 மே மாதம் ஒரு தொடக்கப்பள்ளியில் நடந்தது. தடுப்பூசி போடாத ஆசிரியர் ஒருவருக்கு மூக்கடைப்பும் அசதியும். ஒவ்வாமைன்னு நினைச்சு இரண்டு நாள் வகுப்புக்கு வந்தார். பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டும்போது மாஸ்க்கைக் கழற்றினார். அவருக்கு டெல்டா. வகுப்பில் இருந்த 24 பிள்ளைகளில் 12 பேருக்குத் தொற்று உறுதியானது. ஆசிரியர் மேஜைக்குப் பக்கத்து இரண்டு வரிசைகளில் 10 பேரில் 8 பேருக்கு. பின்வரிசைகளில் 14 பேரில் 4 பேருக்கு. இத்தனைக்கும் மேஜைகளுக்கு நடுவே ஆறடி இடைவெளி இருந்தது. கதவு ஜன்னலும் திறந்திருந்தன.

இன்னொன்று ஜெருசலேமில், 2020 மே மாதம். இஸ்ரேல் பள்ளிகளை முழுமையாகத் திறந்த சில நாட்களில் கடும் வெப்ப அலை. மூன்று நாளைக்கு மாணவர்கள் மாஸ்க் போட வேண்டாம்னு விலக்கு கொடுத்தார்கள். ஒரு உயர்நிலைப்பள்ளியில் வகுப்புக்கு 35க்கு மேல் மாணவர்கள், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. முடிவில் 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று. நெருக்கம், மூடின அறை, மாஸ்க் இல்லாமை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. டென்மார்க் 2020 ஏப்ரல் 15லேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளியைத் திறந்தது, மாஸ்க் இல்லாமல். சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார்கள், அடிக்கடி கை கழுவ வைத்தார்கள், முடிந்தவரை வெளியில் பாடம் நடத்தினார்கள். அதனால் பெரிய அலை எதுவும் எழவில்லை. ஆனால் அப்போது டெல்டா இல்லை, நம்ம ஊர் வகுப்பறை நெரிசலும் அங்கே இல்லை என்பதையும் சேர்த்தே படிக்கணும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

மாஸ்க் பற்றிய பெரிய பரிசோதனை பங்களாதேஷில் சுமார் 600 கிராமங்களில் நடந்தது. சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்து ஊக்கப்படுத்திய கிராமங்களில் அறிகுறியோடு வரும் தொற்று ஏறக்குறைய 11 சதவீதம் குறைந்தது. அந்தக் கிராமங்களிலும் பாதிப்பேர்கூட மாஸ்க் போடவில்லை என்பதை வைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை. துணி மாஸ்க்குக்கு அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. ஆனால் அந்தப் பரிசோதனை பெரியவர்களிடம் நடந்தது. குழந்தைகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

பள்ளிகளைப் பற்றி இருப்பவை பெரும்பாலும் ஒப்பீட்டு ஆய்வுகள்தான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 169 தொடக்கப்பள்ளிகளை 2020 நவம்பர், டிசம்பரில் ஒப்பிட்டார்கள். ஆசிரியர்களும் ஊழியர்களும் கட்டாயம் மாஸ்க் போட்ட பள்ளிகளில் தொற்று 37 சதவீதம் குறைவு. காற்றோட்டத்தை மேம்படுத்திய பள்ளிகளில் 39 சதவீதம் குறைவு. மாணவர்களுக்கும் மாஸ்க் கட்டாயம் என்றிருந்த பள்ளிகளில் 21 சதவீதம் குறைவு. ஆனால் இந்தக் கடைசி எண் தற்செயலாகவும் வந்திருக்கலாம், புள்ளியியல் ரீதியாக உறுதியானதல்ல. 2021 செப்டம்பரில் வந்த அரிசோனா ஆய்வோ, மாஸ்க் கட்டாயமில்லாத பள்ளிகளில் கொத்தாகத் தொற்று வருவதற்கான வாய்ப்பு விகிதம் 3.5 மடங்கு என்கிறது. மாஸ்க்கைக் கட்டாயமாக்குகிற பள்ளி மற்ற விஷயங்களிலும் கவனமாக இருக்கும் என்பதால், அந்த 3.5 முழுவதையும் மாஸ்க் கணக்கிலேயே எழுத முடியாது.

என் வாசிப்பில் கிடைக்கும் வரிசை இது: பெரியவர்களின் தடுப்பூசியும் மாஸ்க்கும், காற்றோட்டம், அதற்குப் பிறகு பிள்ளைகளின் மாஸ்க். கடைசியில் இருப்பதால் அது வேண்டாம்னு இல்லை. அதை மட்டுமே நம்பக்கூடாது, அவ்வளவுதான்.

மூச்சு முட்டுமா?

ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு ஒன்று, மாஸ்க் போட்ட குழந்தைகள் ஆபத்தான அளவு கரியமில வாயுவை இழுக்கிறார்கள் என்றது. ஒரு பெரிய அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது, உலகம் முழுக்கப் பகிரப்பட்டது. அளவிட்ட முறையே சரியில்லை என்ற கேள்விகள் எழுந்து, 2021 ஜூலையிலேயே இதழ் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் வாட்ஸப்பில் அந்தக் கட்டுரை அதற்குப் பிறகும் சுற்றியது. திரும்பப் பெற்ற செய்தி மட்டும் சுற்றவில்லை. கரியமில வாயு மூலக்கூறு வைரஸைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறியது. துணியின் இடுக்குகள் வழியே சுலபமாகப் போய் வரும்.

உண்மையான தொல்லைகள் வேறு. நம்ம வெயிலில் வியர்த்து மாஸ்க் ஈரமாகும். ஈரமானால் இழுத்து மூச்சுவிடணும், வடிகட்டுவதும் குறையும். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு டீச்சரின் வாயசைவு தெரியாது. காது கேளாத குழந்தைக்கு இது இன்னும் பெரிய இழப்பு.

இதையெல்லாம் வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2020 ஆகஸ்டிலேயே வயதுவாரியாகப் பிரித்தது. 5 வயதுவரை கட்டாயம் கூடாது. 12க்கு மேல் பெரியவர்கள் போலவே. நடுவில் 6 முதல் 11 வரை, ஊரில் பரவல் எவ்வளவு, பிள்ளைக்குச் சரியாகப் போடத் தெரியுமா, பார்த்துக்கொள்ளப் பெரியவர் இருக்கிறாரா, வீட்டில் வயதானவர்கள் உண்டா என்று பார்த்து முடிவெடுக்கணும். நமது மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் 2021 ஜூனில் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். அந்த நவம்பரில் திரும்பப் போன சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த நடு வயதுக்காரர்கள்.

அப்போது பள்ளியில் கேட்க வேண்டியிருந்தவை

- டீச்சர், ஆயா, சமையலர், வேன் டிரைவர் எல்லோரும் இரண்டு தவணையும் போட்டாச்சா? பாடம் நடத்தும்போதும் மாஸ்க் இருக்குமா?
- ஜன்னல்கள் முழுசாகத் திறக்குமா? ஏசி வகுப்பா? மரத்தடியில் பாடம் நடத்த வழி உண்டா?
- சத்துணவு, டிபன் பாக்ஸ் நேரத்தில் எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றுவார்கள். அப்போது வராண்டாவிலோ மைதானத்திலோ தள்ளி உட்கார வைப்பார்களா?
- காய்ச்சல், சளின்னா டீச்சரோ பிள்ளையோ தயங்காமல் லீவு எடுக்க முடியுமா? வருகைப்பதிவைச் சொல்லி மிரட்டினால், காய்ச்சலோடுதான் பிள்ளைகள் வரும்.

வீட்டில் செய்ய வேண்டியிருந்தது கொஞ்சம்தான். முகத்துக்குச் சரியாக உட்காரும் மாஸ்க் இரண்டு, ஈரமானதைப் போட ஒரு கவர், பள்ளி திறக்கும் முன்பே தினமும் கொஞ்ச நேரம் பழக்கம். ஆஸ்துமா போன்ற பிரச்சினை இருந்தால் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை. தாத்தா பாட்டி தடுப்பூசி போடாமல் இருந்தால், பிள்ளை பள்ளிக்குப் போவதற்கு முன் அவர்களை முகாமுக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. பிள்ளை கொண்டுவரும் கிருமியால் அதிகம் பாதிக்கப்படப் போவது அவர்கள்தான்.

இன்னொன்று, மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கினதுக்காக ஆறு வயசுக் குழந்தையை வெளியே நிறுத்துவதில் எந்த மருத்துவமும் இல்லை. ஒன்றரை வருஷம் கழித்து வகுப்பறைக்கு வந்த பிள்ளை அது. ஏற்றிவிட்டு, பாடத்தை நடத்தலாம்.