கண்டதைக் கண்டவாறு சொல்லுதல்: சான்று காட்டும் முறை

நாகூர்த் தர்காவின் ஐந்து மினாராக்களுள் உயரமானது 131 அடி. அதைக் கட்டுவித்தவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங் என்பது பலரும் அறிந்த செய்தி. கந்தூரி மலர்களிலும் சிறு வரலாற்று நூல்களிலும் இச்செய்தி மீண்டும் மீண்டும் எழுதப்படுகிறது. எதைக் கண்டு எழுதினோம் என்று சொல்லும் வழக்கமோ அரிதாகவே உள்ளது.

இதைச் சிறு குறையென்று ஒதுக்கிவிட இயலாது. காவிரிப் படுகையில் வாழ்ந்த முஸ்லிம்களைப் பற்றிய செய்திகள் பல, அச்சேறாத ஏடுகளிலும் அறபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளிலும் குடும்பப் பத்திரங்களிலும் கிடக்கின்றன. ஈரமும் கறையானும் அவற்றை அழித்து வருகின்றன. மூலம் மறைந்தபின் எஞ்சுவது, அதைக் கண்டவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்றே. அக்குறிப்பும் தெளிவற்றதாயின், உண்மையான செய்தியும் கட்டுக்கதையோடு சேர்த்து எண்ணப்படும்.

அச்சேறாத எழுத்தை எவ்வாறு சான்றாகக் காட்டுவது? ஹதீஸ் கலை அறிஞர்கள் இவ்வினாவை முன்பே ஆராய்ந்துள்ளனர். ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இமாம் இப்னு ஸலாஹ், ஹதீஸைப் பெறும் எட்டு வழிகளை விளக்குகிறார். அவற்றுள் இறுதியானது ‘விஜாதா’. அதாவது, ஆசிரியரிடம் நேரில் கேளாமல் அவருடைய கையெழுத்து ஏட்டைக் கண்டு, அதிலிருந்து எடுத்துரைத்தல். இவ்வாறு எடுத்துரைப்பவர், ‘இன்னாரின் கையெழுத்தில் கண்டேன்’ என்றே கூற வேண்டும். கையெழுத்து அவருடையதுதானா என்ற உறுதி இல்லையெனில், ‘இன்னாருடையதென்று பிறர் சொன்ன ஏட்டில் கண்டேன்’ என்று கூற வேண்டும். ‘இன்னார் எனக்கு அறிவித்தார்’ எனக் கூறுதல் ஆகாது. உறுதி எவ்வளவோ, சொல்லும் அவ்வளவே.

இதனை மினாராச் செய்திக்குப் பொருத்திப் பார்ப்போம். நாகூர் குலாம் காதிறு நாவலரின் ‘கன்சுல் கராமாத்து’ என்ற நூலில் ஒரு செய்தியைக் கண்டிருந்தால், அந்நூலையும் பதிப்பையும் பக்கத்தையும் குறிக்க வேண்டும். மராட்டிய அரசின் மோடி எழுத்து ஆவணமொன்றைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழாக்கத்தில் மட்டும் படித்திருந்தால், தமிழாக்கம் என்றே எழுத வேண்டும். கல்வெட்டை நேரில் படித்திருந்தால், அது இருக்கும் இடம், மொழி, எழுத்து, படித்த நாள், சிதைந்த வரிகள் ஆகியவற்றைக் கூற வேண்டும். குடும்பப் பத்திரமாயின், மூலமா நகலா என்பதையும், உரியவர் இசைந்தால் அது யாரிடம் உள்ளது என்பதையும் சேர்த்தல் நலம்.

இடையில் நின்ற நூலை மறைத்து, அது காட்டிய மூலத்தைத் தாமே கண்டதுபோல் எழுதுவது இன்று பெருகியுள்ளது. ஹதீஸ் கலையில் இதையொத்த குறைக்குப் பெயர் ‘தத்லீஸ்’: நேரில் கேட்டிராத ஒன்றை நேரில் கேட்டதாக எண்ணும்படி அறிவித்தல். இடைநூலில் பிழை இருந்தால், அப்பிழை மூலத்தின் மீது சுமத்தப்படும். ‘இன்ன நூலில் எடுத்தாளப்பட்டபடி’ என்ற சில சொற்கள் இத்தீங்கைத் தவிர்த்துவிடும்.

சான்றுகளின் எண்ணிக்கையும் மயக்கம் தரும். ஒரு மலரிலிருந்து பத்து மலர்கள் பெயர்த்தெழுதினால், நமக்குக் கிடைப்பன பத்துச் சான்றுகள் அல்ல, ஒன்றே. தனித்தனி வழிகளில் வந்த பலரின் கூற்றையே ‘முதவாதிர்’ என்று நம் அறிஞர்கள் ஏற்றனர். வழிகள் ஓரிடத்தில் கூடுமாயின், அந்த ஒருவரையே ஆராய்ந்தனர்.

ஆண்டுகளிலும் கவனம் வேண்டும். சாஹுல் ஹமீது நாயகம் மறைந்த ஆண்டு ஹிஜ்ரி 978 என்பது பெருவழக்கு. அவ்வாண்டு கி.பி. 1570 ஜூனில் தொடங்கி 1571 மே வரை நீள்கிறது. ஜமாதுல் ஆகிர் மாதம் என்பதும் தெரிந்தால்தான் 1570 என உறுதி கூற இயலும். தஞ்சை நிலவரி ஆவணங்களில் வரும் பசலி ஆண்டும் அத்தகையதே: பசலி 1300 என்பது 1890–91. எனவே மூலத்தில் உள்ள ஆண்டை முதலில் எழுதி, நாம் கணித்த ஆண்டை அடைப்புக்குறிக்குள் தருதல் முறை. கணிப்பில் பிழை நேர்ந்தாலும் அடுத்தவர் அதைத் திருத்த வழி இருக்கும்.

இப்பண்பு இம்மண்ணுக்குப் புதிதன்று. குடந்தைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ.வே. சாமிநாதையர், தம் பதிப்புகளில் எந்தச் சுவடி யாரிடமிருந்து கிடைத்தது என்பதை முறையாகப் பதிந்துவைத்தார். அவர் பதிப்பித்தவற்றைப் பின்வந்தோர் மீண்டும் ஆராய அக்குறிப்புகள் துணைநின்றன.

ஊர் வரலாறு எழுத முனையும் நம் இளைஞர்கள் முதலில் பழக வேண்டியதும் இதுவே. இதற்குப் பெரும் புலமை தேவையில்லை. கண்டதைக் கண்டதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும், பிறர் எழுதியதைப் பிறர் எழுதியதென்றும் கூறும் நேர்மை போதும்.