ஆயக்கட்டுக் கணக்கு எங்கே?

சங்கரன்கோவில் விசைத்தறித் தோழனைக் கேளுங்கள். இன்று எத்தனை சேலை ஓட்டினான், ஒன்றுக்குக் கூலி எவ்வளவு என்று விரல்நுனியில் சொல்வான். கணக்கு இருப்பதால்தான் அவன் கூலி உயர்வு கேட்கிறான். கணக்கு இல்லையேல் கோரிக்கை ஏது? பேச்சுவார்த்தை ஏது?

கணக்கில் வராத உழைப்பு ஒன்று உண்டு, தோழர்களே! அதுதான் கட்டற்ற மென்பொருள். எவரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று நிரலாளர்கள் பொதுவில் வைத்த செல்வம். 1991இல் பிறந்த லினக்ஸ் அத்தகையது. நம் சட்டைப்பையிலுள்ள ஆண்டிராய்டு கைப்பேசியின் அடித்தளமும் அதுவே.

இந்தப் பொதுக் குளத்தில் இறைத்துப் பாய்ச்சும் நிறுவனங்கள் கொஞ்சமா? இக்குளம் இல்லாவிட்டால் அவை இன்று செலவிடுவதைப்போல் மூன்றரை மடங்கு செலவிட வேண்டியிருக்கும் என்று 2024இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். குளத்தின் மொத்த மதிப்போ 8.8 லட்சம் கோடி டாலர்!

கரையைக் காத்தவர் நிலை என்ன? 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஓட்டை வெளிப்பட்டது. உலக இணைய வணிகத்தின் பூட்டு அது. அதற்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்! 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே உடைந்தபோது, அது தம் இயந்திரங்களில் எங்கெங்கே இருக்கிறது என்று தெரியாமல் பெரிய நிறுவனங்களே தேடித் திண்டாடின.

பதிவிறக்கங்களை எண்ணினால் போதாதா என்பர். போதாது! ஒரு நிறுவனத்தின் இயந்திரம் ஒரே நிரலை நாளுக்கு ஆயிரம் முறை இறக்கும். இன்னொன்று ஒரே முறை இறக்கி ஆயிரம் இயந்திரங்களில் ஓட்டும். உண்மைக் கணக்கு நிறுவனத்தின் உள்ளேதான் இருக்கிறது. எந்த மென்பொருளுக்குள் எந்தெந்த நிரல் அடங்கியிருக்கிறது என்ற உறுப்புப் பட்டியலே அந்தக் கணக்கு. அதைத் தயாரிக்க, நமது நாட்டின் செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வரவேற்கிறோம். ஆனால் பட்டியல் பெட்டியில் பூட்டிக் கிடந்தால் பயன் யாருக்கு?

"இலவசமாகத் தந்ததற்கு விலையா?" என்று சிலர் கேட்கக்கூடும். விலை கேட்கவில்லை, மராமத்துக்குப் பங்கு கேட்கிறோம்! குளத்துத் தண்ணீருக்கு நம் முன்னோர் விலை வைக்கவில்லை. ஆனால் கரை உடையாமல் காக்கக் குடிமராமத்து வைத்தார்கள். பாசனம் பெற்றவன் மண்வெட்டியோடு வந்தான்.

பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக 2024இல் அறிவித்தது. ஒருவர் மண்வெட்டியெடுத்தார், மற்றவர்கள் எங்கே?

யார் எவ்வளவு பாய்ச்சுகிறார் என்று தெரிந்தால்தானே பங்கைப் பிரிக்க முடியும்? நிறுவனங்களே, பட்டியலை வெளியே வையுங்கள்! தறிக்காரன் ஓட்டிய சேலையை எண்ணத் தெரிந்த உலகுக்கு, தான் எடுத்துக்கொண்டதை எண்ண மட்டும் தெரியாதா?