டயர் பெரிதானது, பிரேக்கை யார் கேட்டது?

கடந்த பள்ளி விடுமுறையில் கேமரன் மலையிலிருந்து தாப்பா வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் மனைவி, பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகள். பிக்கப்பின் பின்தட்டில் பூச்செடிகள், சோளம், பெரியம்மாவுக்கு வாங்கிய ஒரு மூட்டை முட்டைக்கோஸ். ரிங்லெட்டைத் தாண்டிய பிறகு ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் வழக்கமான இடத்தில் நிற்காமல், பஞ்சை மிதித்ததுபோல் உள்ளே போனது. மளமளவென்று மூன்று நான்கு முறை மிதித்து, கியரைக் குறைத்த பிறகுதான் வண்டி அடங்கியது. ஓரம் கட்டினேன். “அப்பா, என்ன கருகுது?” என்றான் சின்னவன்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் வண்டிக்குப் பெரிய டயர் போட்டிருந்தேன். 265/65 ஆர்17 இருந்த இடத்தில் 285/70 ஆர்17. அது உரசாமல் இருக்க சஸ்பென்ஷனையும் இரண்டு இன்ச் உயர்த்தினேன். வண்டி பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. டயர் போட்ட கடையில் பிரேக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நண்பர் ஒருவர் ஈப்போவில் ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பினார். செம்பனைத் தோட்டத்து பிக்கப்புகளைப் பல வருடமாகப் பார்த்து வருபவர். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். “தம்பி, டயர மாத்தினீங்க சரி. பிரேக்குகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?” என்றார்.

கணக்கு எளிதானது. பழைய டயரின் உயரம் சுமார் 776 மில்லிமீட்டர், புதியது 831. ஏறக்குறைய 7 விழுக்காடு அதிகம். பிரேக் டிஸ்க் அதே பழைய டிஸ்க்தான். ஆனால் அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரத்தின் விளிம்பு இன்னும் தூரமாகப் போய்விட்டது. அதே அளவு மிதித்தால் சாலையில் கிடைக்கும் நிறுத்தும் விசை 7 விழுக்காடு குறைவு. அதோடு முடியவில்லை. மீட்டர் சக்கரம் சுற்றும் எண்ணிக்கையை வைத்தே வேகத்தைக் காட்டுகிறது. அது சரியாக 100 காட்டிய வண்டி இப்போது உண்மையில் 107-இல் ஓடும். வேகம் 7 விழுக்காடு கூடினால், பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் 14 விழுக்காடு கூடும். எடை கூடிய டயரைச் சுழலவிடாமல் நிறுத்துவது தனிப் பாடு. கியரைக் குறைத்து இறங்கும்போது இன்ஜின் பிடிக்கும் பிடியும் அதே 7 விழுக்காடு தளர்ந்துவிடும். இதில் எதற்கும் டாஷ்போர்டில் விளக்கு எரியாது.

மலை இறக்கத்தில் இதெல்லாம் சூடாக மாறுகிறது. இரண்டு டன் வண்டி 1,400 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிவிடும் ஆற்றலில் சுமார் 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் இன்ஜினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக் தலையில்.

மெக்கானிக் பிரேக் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துக் காட்டினார். தே ஓ நிறத்தில் இருந்தது. நான்கு வருடமாக மாற்றவில்லை. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் விதி. டாட் 4-க்கு அந்த எண்கள் 230, 155. எண்ணெய் கொதித்தால் குமிழி வரும். நாம் மிதிக்கும் மிதி அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும். ரிங்லெட் வளைவில் என் காலுக்குக் கீழே நடந்தது அதுதான்.

நான் பெரிய டிஸ்க், பெரிய கேலிப்பர் செட் வாங்கும் முடிவோடு போயிருந்தேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய டிஸ்க் உங்கள் ரிம்முக்குள் அடங்குமா என்று முதலில் அளக்க வேண்டும். கேலிப்பர் பிஸ்டன் பெரிதானால் அதைத் தள்ள எண்ணெயும் அதிகம் வேண்டும். மாஸ்டர் பம்ப் அதற்கு ஈடாக இல்லாவிட்டால் பெடல் இன்னும் ஆழமாகப் போகும். முன்பக்கத்தை மட்டும் பலப்படுத்தி, பின் டிரம்மைக் கவனிக்காமல் விட்டால் முன்-பின் சமநிலை கெடும். துளையிட்ட டிஸ்க் படத்தில் அழகு. சேற்றில் ஓடும் வண்டிக்கு அந்தத் துளைகளில் சேறும் கல்லும் அடைத்துக்கொள்ளும், சூட்டில் துளையோரம் விரிசல் விடவும் கூடும்.

அவர் கைகாட்டிய இடம் நான் நினைத்தே பார்க்காதது. என்னுடையது போன்ற பழைய பிக்கப்பில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே ஒரு வால்வுக்குப் போகிறது. பாரம் ஏற்றினால் வண்டி தாழும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். நான் வண்டியை இரண்டு இன்ச் உயர்த்தியதில் அந்த வால்வு, வண்டி எப்போதும் காலி என்றே நினைத்துக்கொண்டிருந்தது. முட்டைக்கோஸ் மூட்டை ஏறியது அதற்குத் தெரியாது. பின் பிரேக் சோம்பேறியாக இருக்க, முன் பிரேக் தனியாக வெந்திருக்கிறது.

அன்று செய்தது இவ்வளவுதான்: புது டாட் 4 எண்ணெய், அதிகச் சூடு தாங்கும் பேட், பின் டிரம் சீரமைப்பு, வால்வுக் கம்பியைப் புதிய உயரத்துக்கு ஏற்ப மாற்றியது. உயர்த்திய வண்டியில் அச்சு தொங்கும்போது ரப்பர் ஹோஸ் விறைப்பாக இழுபட்டது. அதற்குப் பதில் நீளமான, எஃகு வலை போட்ட ஹோஸ். பெரிய டிஸ்க் செட் விலையில் சிறு பங்குதான் செலவானது. 35 இன்ச் டயருக்குப் போகிறவர்களுக்கும், வண்டியில் வின்ச், இரும்பு பம்பர், கூரைக் கூடாரம் என்று ஏற்றி வைத்திருப்பவர்களுக்கும் இது போதாது. அவர்களுக்குப் பெரிய செட் வேண்டியிருக்கும், மாஸ்டர் பம்ப் வரை யோசித்துத்தான் போட வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு ஜேபிஜே அனுமதியைக் கேட்டுக்கொள்ளவும், காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லவும் வேண்டும். நான் அதைக் கடைசியில் செய்தேன், முதலில் செய்திருக்க வேண்டும்.

புது பேட் போட்டதும் காலி ரோட்டில் 60-இலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், இடையில் ஆறவிட்டு ஒரு பத்து முறை வேகம் தணிக்கச் சொன்னார். பேட்டும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழக வேண்டுமாம்.

போன வாரம் மறுபடியும் அதே வழியாக இறங்கினோம். இரண்டாவது கியரில், பின்னால் வந்த லாரிக்கு வழிவிட்டு, மெதுவாக. ரிங்லெட்டைத் தாண்டியதும் சின்னவன் ஜன்னலை இறக்கி மோந்து பார்த்தான்.

“வாசம் ஒண்ணும் வரலப்பா.”